காணாமல் போன ஆறு பேர்: மார்செய் கட்டுரையை மறுபடி படித்தல்

கோவிட் காலத்தில் அதிகம் பேசப்பட்ட, ஆனால் குறைவாகப் படிக்கப்பட்ட மருத்துவக் கட்டுரை எது என்று கேட்டால் என் ஓட்டு ஒன்றுக்குத்தான். பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரிலிருந்து பிலிப் கோத்ரே, திதியே ரவுல் குழுவினர் 2020 மார்ச் 20 அன்று இணையத்தில் வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை. அடுத்த நாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் ட்விட்டரில் அதைக் கொண்டாடினார். அதற்கடுத்த நாள் நம் ஐசிஎம்ஆர் சுகாதாரப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக அந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவுரை வெளியிட்டது. 2024 டிசம்பரில் அந்த ஆய்விதழ் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டது.

திரும்பப் பெற்றாகிவிட்டதே, இனி எதற்கு அதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். எனக்கு அந்த முடிவில் பெரிய ஆர்வம் இல்லை. என் கேள்வி வேறு. மார்ச் 20 அன்று, அந்தக் கட்டுரை மட்டுமே கையில் இருக்கும் ஒருவர், பின்னால் நடந்தது எதுவும் தெரியாமல், அதற்கு எவ்வளவு எடை கொடுத்திருக்க வேண்டும்? நான் மருத்துவர் கிடையாது. பிஇ படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மருந்தியல் அதிகம் வேண்டாம். கூட்டல் கழித்தலும், கொஞ்சம் சந்தேகப் புத்தியும் போதும்.

கட்டுரை சொன்னது என்ன?

முதலில் நியாயமாக அவர்கள் தரப்பைச் சொல்லிவிடுவோம். 20 நோயாளிகளுக்குத் தினமும் 600 மில்லிகிராம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தார்கள். அதில் 6 பேருக்குக் கூடவே அசித்ரோமைசினும் கொடுத்தார்கள். இந்த மருந்து பெறாத 16 பேர் ஒப்பீட்டுக் குழு. ஆறாவது நாள் மூக்குச் சளியில் பிசிஆர் பரிசோதனை. மருந்து எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு வைரஸ் இல்லை. எடுக்காதவர்களில் 12.5 சதவீதம் பேருக்குத்தான் இல்லை. இரண்டு மருந்தும் சேர்த்து எடுத்த 6 பேரில் 6 பேருக்கும் நெகட்டிவ். நூற்றுக்கு நூறு!

அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். இத்தாலியில் ஐசியூ படுக்கை இல்லை. கையில் எந்த மருந்தும் இல்லை. இது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மாத்திரை, விலை மலிவு, பக்கவிளைவுகள் ஓரளவு தெரிந்தவை. பிப்ரவரியில் சீன ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் குளோரோகுயின் இந்த வைரஸைத் தடுப்பதாகக் காட்டியிருந்தார்கள். ஆகவே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது முட்டாள்தனம் இல்லை. நல்ல யோசனைதான். தகராறு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

20 இல்லை, 26

கட்டுரையின் முடிவுகள் பகுதியைப் பொறுமையாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். மருந்துக் குழுவில் சேர்க்கப்பட்டவர்கள் 26 பேர். கணக்கில் வந்தவர்கள் 20. மீதி 6 பேர் என்ன ஆனார்கள்? மறைக்கவில்லை, அவர்களே எழுதியிருக்கிறார்கள்: மூன்று பேர் ஐசியூவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். ஒருவர் குமட்டல் தாங்காமல் மருந்தை நிறுத்திவிட்டார். ஆறாம் நாள் வரை இவர்களுடைய முடிவு கிடைக்காததால் கணக்கிலிருந்து எடுத்தாச்சு.

எங்கள் தொழிலில் இதை உடனே பிடித்துவிடுவார்கள். ஃபெயில் ஆகிற டெஸ்ட்களை எடுத்துவிட்டு "எல்லாம் பாஸ்" என்று ரிப்போர்ட் அனுப்பினால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "போன வாரம் இருந்ததைவிட எண்ணிக்கை ஏன் குறைஞ்சிருக்கு?" என்பதுதான்.

சரி, அந்த ஆறு பேரையும் சேர்த்து, ஆறு பேருக்கும் மருந்து வேலை செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 26-ல் 14 பேர். அதாவது 54 சதவீதம். 12.5 சதவீதத்துக்கு எதிராக இது இன்னும் பெரிய வித்தியாசம்தானே என்று கேட்டால், ஆமாம், எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான். இந்த இடத்தில் விமர்சகர்கள் பலர் கொஞ்சம் அவசரப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் கட்டுரை அப்படியே விழுந்துவிடாது.

ஆனால் அதே அட்டவணையை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். ஐசியூ போனவர்கள், இறந்தவர்கள் என்று எண்ணினால் மருந்துக் குழுவில் 26-ல் 4 பேர். ஒப்பீட்டுக் குழுவில் அப்படி யாரும் கணக்கில் காட்டப்படவில்லை. இதே நாற்பத்து சொச்சம் பேரை வைத்து "இந்த மருந்து ஆளைக் கொல்லும்" என்று இன்னொருவர் கட்டுரை எழுதியிருக்க முடியும். அதுவும் தப்பாகத்தான் இருந்திருக்கும். ஒரே தரவு எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் அந்தச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொரு நெருடல். இறந்துபோன அந்த நோயாளிக்கு இரண்டாம் நாள் பிசிஆர் நெகட்டிவ். மூன்றாம் நாள் மரணம். மூக்கில் வைரஸ் இல்லை என்பதும் ஆள் பிழைத்தார் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு அந்தக் கட்டுரைக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. நோயாளியின் குடும்பம் கேட்பது "வீட்டுக்கு எப்போ வருவார்?" என்று. கட்டுரை பதில் சொன்னது மூக்குச் சளியைப் பற்றி.

யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்?

என்னைப் பொறுத்தவரை உண்மையான ஓட்டை இதுதான். மருந்து எடுத்தவர்கள் எல்லாரும் மார்செய் மருத்துவமனையில் இருந்தவர்கள். ஒப்பீட்டுக் குழுவில் பெரும்பாலோர் தென் பிரான்சின் மற்ற ஊர் மருத்துவமனைகளில் இருந்தவர்கள். கூடவே மார்செயில் மருந்து வேண்டாம் என்றவர்கள், சேர்க்கத் தகுதி இல்லாதவர்கள். மருந்துக் குழுவின் சராசரி வயது 51. ஒப்பீட்டுக் குழுவின் சராசரி வயது 37. ஆய்வில் சேர 12 வயதைத் தாண்டியிருக்க வேண்டும் என்று விதி. ஒப்பீட்டுக் குழுவில் பத்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழுவில் சிலருக்கு ஆறாம் நாள் பரிசோதனையே நடக்கவில்லை. முந்தைய நாள் முடிவை வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வேறு, வயது வேறு, எத்தனையாவது நாளில் வந்தார்கள் என்பது வேறு, பரிசோதனை நடந்த ஒழுங்கு வேறு. கடைசியில் வரும் வித்தியாசத்தை மட்டும் மாத்திரையின் கணக்கில் எழுதுவது எப்படி? இந்த வைரஸ் பெரும்பாலோருக்குத் தானாகவே குறையும். யாரை எந்த நாளில் பிடித்தோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

அந்த 6/6? உண்மையில் பத்தில் ஏழு பேருக்குத்தான் நெகட்டிவ் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு பேரை எடுத்தால் ஆறு பேருமே நெகட்டிவ் ஆக ஏறக்குறைய 12 சதவீத வாய்ப்பு உண்டு (0.7-ஐ ஆறு முறை பெருக்கிப் பாருங்கள்). நூறு சதவீதம் என்ற வார்த்தைக்குப் பின்னால் நிற்பது இவ்வளவுதான். அந்த ஆறு பேரில் ஒருவருக்கு எட்டாம் நாள் மறுபடி பாசிட்டிவ் வந்ததையும் அவர்களே சொல்கிறார்கள்.

இவை எதற்கும் ரகசிய ஆவணம் தேவைப்படவில்லை. எல்லாம் கட்டுரையிலேயே இருக்கிறது. அது ஆய்விதழுக்குப் போனது மார்ச் 16. ஏற்கப்பட்டது மார்ச் 17. எழுதியவர்களில் ஒருவர் அந்த ஆய்விதழின் முதன்மை ஆசிரியர். ஏப்ரல் 3-ம் தேதியே அந்த ஆய்விதழை நடத்தும் சங்கம், இந்தக் கட்டுரை எங்கள் தரத்துக்கு இல்லை என்று அறிக்கை விட்டது.

முன்பே தெரிந்திருந்தது

இன்னொரு தகவலும் மார்ச்சிலேயே கிடைத்திருக்கும். குளோரோகுயின் சோதனைக்கூடத்துத் தட்டில் வைரஸை அடக்குவது இது முதல் தடவை இல்லை. இன்ஃப்ளூயன்சா, டெங்கு, சிக்குன்குனியா என்று பட்டியல் நீளம். மனிதர்களிடம் வந்தபோது எதிலும் தேறவில்லை. சிங்கப்பூரில் ஃப்ளூவைத் தடுக்குமா என்று பெரிய அளவில் சோதித்தார்கள், தடுக்கவில்லை. ரீயூனியன் தீவில் சிக்குன்குனியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை.

பத்து இண்டர்வியூவில் ரெஸ்யூமே பிரமாதமாக இருந்து வேலையில் சொதப்பிய ஒருவர் பதினோராவது தடவை வந்தால் என்ன செய்வோம்? கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆனால் ரெஸ்யூமேயை மட்டும் பார்த்து வேலை கொடுக்க மாட்டோம். (சோதனைக்கூடத்தில் பயன்படுத்தியது ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்கள். மனித நுரையீரல் செல்லில் இந்த மருந்து வைரஸைத் தடுக்கவில்லை என்று 2020 ஜூலையில் ஆய்வு வந்தது. இது பின்னால் தெரிந்த விஷயம் என்பதால் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.)

"அவசரத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா?"

ரவுல் தரப்பின் முக்கியமான வாதம் இதுதான்: ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது முறைப்படி ஆய்வு செய்ய நேரமில்லை. உணர்ச்சிபூர்வமான வாதம். கேட்டவுடன் சரி என்றுதான் படும். அதற்கு மறுப்பு, அதே வாரத்தில் இங்கிலாந்தில் நடந்தது.

ஆக்ஸ்ஃபர்டில் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லேண்ட்ரேவும் ரெகவரி என்ற ஆய்வுக்கு மார்ச் 10 வாக்கில் திட்டம் எழுதினார்கள். ஒன்பது நாளில் முதல் நோயாளி சேர்ந்துவிட்டார். அதாவது மார்செய் கட்டுரை வெளிவருவதற்கு முந்தைய நாளே! செய்த காரியம் ரொம்ப எளிமை. எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யாமல் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். 28 நாளில் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பார்கள். படிவங்களைக் குறைத்துவிட்டார்கள், மூச்சுவிட நேரமில்லாத டாக்டரும் நிரப்பக்கூடிய அளவுக்கு. ஜூனுக்குள் 175-க்கு மேற்பட்ட மருத்துவமனைகள், 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள்.

ஜூன் 5 அன்று முடிவு வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் குழுவில் 1542 பேர், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 3132 பேர். இறப்பு முறையே 25.7 சதவீதம், 23.5 சதவீதம். பயன் இல்லை. மார்செய் கட்டுரை வந்த நாளிலிருந்து எண்ணினால் 77 நாள்.

அதே ஆய்வு ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் பற்றிச் சொன்னது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. இதுவும் மலிவான, பழைய மருந்து. ஆனால் அதுவரை உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்காதீர்கள் என்பதுதான். நிபுணர்களின் ஊகம் இரண்டு பக்கமும் தவறியது. எல்லாரும் நம்பியது வேலை செய்யவில்லை. பலர் பயந்தது உயிரைக் காப்பாற்றியது. ஆகவே சீட்டுக் குலுக்குவது ஆடம்பரம் என்று சொல்பவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்க வேண்டும்: டெக்ஸாமெத்தசோன் யாருக்குக் கொடுக்க வேண்டும், யாருக்குக் கூடாது என்பதை வேறு எப்படிக் கண்டுபிடித்திருப்பீர்கள்?

எதிர்த்தரப்பும் சறுக்கியது

ரவுலை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இது பாதி விமர்சனம். மே 22 அன்று லான்செட் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். இந்த மருந்து இறப்பை அதிகப்படுத்துகிறது என்று முடிவு. மூன்று நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்துப் பிரிவை நிறுத்தி வைத்தது. "அப்பவே சொன்னோமே" என்று பலர் பகிர்ந்தார்கள்.

தரவு வந்தது சர்ஜிஸ்பியர் என்ற சிறிய நிறுவனத்திடமிருந்து. அந்தத் தரவை வெளியாட்கள் யாரும் பார்த்ததில்லை. ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாக அதில் இருந்தது. அந்தத் தேதி வரை ஆஸ்திரேலியா முழுவதிலும் இறந்தவர்கள் 67 பேர்தான். சுயேச்சையான தணிக்கைக்குத் தரவைத் தர நிறுவனம் மறுக்க, மற்ற மூன்று ஆசிரியர்கள் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

36 பேர் போதாது என்று சொன்னவர்கள் 96 ஆயிரத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். ஆனால் எண்ணிக்கை பெரிசாக இருப்பது தரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. நமக்குப் பிடித்த முடிவு வரும்போதுதான் அதிகக் கேள்வி கேட்க வேண்டும். அப்போதுதான் நாம் குறைவாகக் கேட்கிறோம்.

நம் ஊர்க் கணக்கு

ஐசிஎம்ஆர் அறிவுரைக்கு வருகிறேன். சுகாதாரப் பணியாளர்களுக்கு முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு வாரம் ஒரு முறை 400, ஏழு வாரம். பாதுகாப்புக் கவசமே சரியாகக் கிடைக்காமல் வார்டுக்குள் போனவர்களுக்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்ற பதற்றம் புரிகிறது. மாத்திரை கொடுத்ததை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு. லட்சக்கணக்கான பணியாளர்கள், ஒரே மாதிரி டோஸ், கையில் மருந்து, உற்பத்தி செய்யும் கம்பெனிகள் எல்லாம் நம் நாட்டிலேயே. சில மருத்துவமனைகளில் இந்த வாரம், மற்றவற்றில் அடுத்த மாதம் என்று சீட்டுக் குலுக்கி ஆரம்பித்திருந்தால், உலகத்துக்கே பதில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகப் பின்னால் வந்தது, தொற்று வந்தவர்களையும் வராதவர்களையும் பிரித்துவைத்து "நீங்கள் மாத்திரை எடுத்தீர்களா?" என்று கேட்ட ஆய்வு. நான்கு டோஸுக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தொற்று குறைவு என்றது. இருக்கலாம். ஆனால் வாரம் தவறாமல் மாத்திரை எடுக்கும் ஆள் மாஸ்க்கையும் ஒழுங்காகப் போடும் ஆளாக இருப்பாரே? சீட்டுக் குலுக்காதவரை இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொற்றாளருடன் நெருங்கிப் பழகிய 821 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோய் வந்தது 11.8 சதவீதத்துக்கு 14.3 சதவீதம், தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம்.

இதற்கு விலையும் இருந்தது. லூபஸ், முடக்குவாதம் உள்ளவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை இது. அவர்களுக்கு இது வேலை செய்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2020 ஏப்ரலில் கடை கடையாக அலைந்தவர்கள் அவர்கள்தான். நிச்சயமில்லாத பயனுக்காக நிச்சயமான பயனைப் பறித்தோம்.

அப்படியானால் ஆதாரம் வரும்வரை சும்மா இருப்பதா?

இல்லை. மாஸ்க் விஷயத்தில் "வலுவான ஆய்வு இல்லை" என்பதையே காரணமாகச் சொல்லி, பொதுமக்கள் துணி மாஸ்க் அணிவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்க ஜூன் 5 வரை ஆகிவிட்டது. வேலை செய்யாவிட்டால் நஷ்டம் ஒரு துண்டுத் துணி. வேலை செய்தால் லாபம் பெரிது. அந்தக் கணக்கில் காத்திருப்பது தப்பு. இதயத் துடிப்பைக் கலைக்கக்கூடிய, மற்ற நோயாளிகளுக்குத் தேவைப்படும் மாத்திரைக்குக் கணக்கு வேறு. ஆதாரம் எவ்வளவு வேண்டும் என்பது தவறிப்போனால் என்ன இழப்போம் என்பதைப் பொறுத்தது.

அரசே விநியோகித்த கபசுரக் குடிநீரைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதற்கும் இதே கேள்விகள்தான். குடித்தவர் குணமானார், சரி. குடிக்காதவரில் எத்தனை பேர் குணமானார்கள்? குடித்தும் மோசமானவர்கள் கணக்கில் இருக்கிறார்களா? மருந்து பிரெஞ்சு மாத்திரையா நம் ஊர்க் கஷாயமா என்பதைப் பார்த்துக் கேள்வியை மாற்றக் கூடாது.

அடுத்த புது நோய் வரும்போதும் முதல் மாதம் இப்படி ஒரு கட்டுரை கட்டாயம் வரும். ஃபார்வர்டில் சதவீதம் மட்டும்தான் இருக்கும். அப்போது கட்டுரையைத் திறந்து இந்த மூன்றை மட்டும் தேடுங்கள்: எத்தனை பேரோடு ஆரம்பித்தார்கள், எத்தனை பேரோடு முடித்தார்கள், யாருக்கு மருந்து என்பதை யார் முடிவு செய்தார்கள், கடைசியில் எண்ணியது ஆளையா, சளியையா. மார்செய் கட்டுரையில் இந்த மூன்றுக்கும் பதில் முதல் நாளே அச்சில் இருந்தது. அதைத் திரும்பப் பெற நாலே முக்கால் வருடம் ஆனது.